நீர்நாய்க் கட்டுப்பாட்டு உரிமம்

மீன்பிடிப்புக்கும் மீன் பண்ணைகளுக்கும் நஷ்டம் உண்டாக்கும் காட்டுப் பிராணிகளைக் கொல்வதற்கு அரசாங்கம் நிபந்தனைகளோடு வழங்கும் அனுமதியே கட்டுப்பாட்டு உரிமம். ஸ்காட்லாந்து முதலிய குளிர்க்கடல் தேசங்களில் கடல்நாயைக் குறித்து எழுந்த இந்த வழக்கு, நம் நாட்டில் நீர்நாயைக் குறித்ததாகிறது. பவானி, மாயாறு, காவிரி, அமராவதி ஆகிய ஆறுகளையும் அவற்றின் அணைகளையும் நம்பி வலை வீசுவோர் வாழும் கொங்கு நாட்டுக்கு இது ஏட்டளவில் நிற்கும் விஷயமன்று. இன்றுள்ள சட்டப்படி, மீனைக் காப்பதற்காக நீர்நாயைக் கொல்ல எவருக்கும் உரிமம் கிடையாது. விதி நியாயமானதே, ஆயினும் அதன் பாரம் முழுவதும் பரிசலில் செல்லும் மீனவன் தலையில் விழுவது நியாயமன்று.

இந்தியாவில் நீர்நாய் மூன்று இனம். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் ஓடைகளில் பெரும்பாலும் நண்டைத் தின்று வாழும் சிறிய இனத்தால் மீனவருக்கு உபத்திரவம் இல்லை. மாயாற்றிலும் அது வந்து சேரும் பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் காணப்படும் ஆற்று நீர்நாய், 7 முதல் 11 கிலோ வரை எடையுள்ளது. சவ்வு பொருந்திய விரல்களும் நுனி தட்டையான வாலும் உடையது. மீனையே பிரதான ஆகாரமாகக் கொண்டது. குடும்பமாகக் கூடி நீந்தி, மீன் கூட்டத்தை வளைத்து ஆழமற்ற இடத்துக்கு ஒதுக்கிப் பிடிக்கும் இதன் சாமர்த்தியம் வியக்கத்தக்கது. கரையோரப் பாறைமேல் செதிலும் முள்ளுமாகக் கிடந்து நாறும் எச்சத்தைக் கொண்டே நீர்நாய் நடமாட்டத்தை மீனவர் அறிந்துகொள்வர்.

அவர்களுக்கு நேரும் சேதம் கற்பனையன்று. மாலையில் கட்டிய செவுள்வலையை விடியற்காலையில் பரிசலில் சென்று இழுக்கும்போது, கண்ணியில் மாட்டிய கட்லாவின் தலை மட்டும் நிற்க, உடல் கடித்து எடுக்கப்பட்டிருக்கும். அதனருகே, கைமுட்டி நுழையும் அளவுக்கு வலை கிழிந்திருக்கும். மீன் போனது ஒரு நாள் வருமானம். வலை கிழிந்தாலோ, அதைச் சீர்படுத்தும் வரையில் தொழிலே நின்றுபோகும்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. 11-ஆம் பிரிவு அதற்கு விலக்குகளைக் கூறுகிறது. முதற் பட்டியலில் உள்ள பிராணியாயின், அது மனித உயிருக்கே அபாயமானதாகவோ மீளமுடியாத நோயோ ஊனமோ உற்றதாகவோ இருந்தாலன்றி, தலைமை வன உயிரினக் காப்பாளரும் அதைக் கொல்ல அனுமதி தர இயலாது. இரண்டாம் பட்டியலைச் சேர்ந்ததாயின், வயலில் நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கு விளையும் சேதமும் போதிய காரணமாகும். முன்பு இரண்டாம் பட்டியலில் இருந்த ஆற்று நீர்நாய், 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தினால் முதற் பட்டியலுக்கு உயர்ந்தது. தோலுக்காக வேட்டையாடப்பட்டும், வாழிடம் சுருங்கியும் அருகிவரும் இப்பிராணியின் சர்வதேச வியாபாரம் 2019-லேயே தடை செய்யப்பட்டாயிற்று.

இதே சட்டம் இதே கொங்கு நாட்டில் மற்றொரு பிராணிக்கு வேறு விடை தருகிறது. தொண்டாமுத்தூர், காரமடைப் பக்கங்களில் வாழையையும் சோளத்தையும் கிளறி நாசமாக்கும் காட்டுப்பன்றி இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2025 ஜனவரியில் தமிழக அரசாங்கம் வகுத்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்ததை வனத்துறையினர் சுடலாம். துப்பாக்கி விவசாயியின் கைக்கு வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பன்றி பல்கிப் பெருகும் ஜாதி. நீர்நாயோ சில ஆற்றங்கரைகளில் ஒதுங்கி வாழ்வது. இரண்டுக்கும் ஒரே விதி வேண்டுமென்பது பொருந்தாத கோரிக்கை.

உரிம முறையை விரிவாகக் கையாண்ட தேசம் ஸ்காட்லாந்து. அங்கே 2010-ஆம் ஆண்டுக் கடல் சட்டம், உரிமமின்றிக் கடல்நாயைக் கொல்வதைக் குற்றமாக்கி, எத்தனை கொல்லலாம், எவர் சுடலாம் என்றெல்லாம் வரையறுத்து, கொன்றதைக் கணக்குக் காட்டவும் கட்டளையிட்டது. அட்லாண்டிக் சால்மன் வளர்க்கும் பண்ணைகளும் அதன்படி உரிமம் பெற்றுவந்தன. கடல் பாலூட்டிகளைக் கொன்று விளைவித்த மீனை இறக்குமதி செய்வதில்லை என்ற அமெரிக்க விதி நெருங்கியபோது, 2021 பிப்ரவரியோடு பண்ணைக்காக உரிமம் வழங்குவது நின்றது. பண்ணைகள் உறுதியான வலைகளை நாடின. மீன்பிடிப்புக்குப் பெருஞ்சேதம் நேர்வதைத் தடுப்பதற்கான உரிமமும் அப்போதே நின்றது.

கொங்கு நாட்டு மீன்வளம் எதனால் வளர்ந்தது, எதனால் குன்றியது என்று நோக்கினால் நீர்நாய் மீதான குற்றச்சாட்டின் அளவு புலப்படும். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அணையில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு எக்டேருக்குச் சுமார் 27 கிலோ மீனே கிடைத்தது. 1980-களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கைக்கொண்ட முறையில், நன்கு வளர்ந்த பெருங்கெண்டைக் குஞ்சுகளை அளவறிந்து விட்டும், கண்ணி சிறுத்த வலைகளைத் தவிர்த்தும் வந்ததன் பயனாக அது 190 கிலோவுக்கு மேல் உயர்ந்தது. எந்தப் பிராணியையும் கொன்று இந்த வளர்ச்சி வரவில்லை. மறுபுறம், 1992-இல் கட்டி முடிந்த நொய்யல் ஆற்று ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, பாசனத்துக்கும் உதவாமல் மீனுக்கும் உதவாமல் கெட்டது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அந்த விபரீதம் முற்றியது. அங்கே மீனைத் தின்றது நீர்நாயன்று. ஆற்று மணலை வாரிச் செல்வதும் வெடி வைத்து மீன் பிடிப்பதும், மீனின் இருப்பிடத்தையும் நீர்நாயின் இருப்பிடத்தையும் ஒருங்கே அழிப்பவை.

பண்ணைக் குட்டையாயின், அடியில் இடைவெளி விடாமல் மண்ணுக்குள் பதித்த கம்பிவலை வேலி போதிய காவல். அணையில் அது ஆகாது. வலையை வெகுநேரம் நீரில் விடாமல் அடிக்கடி பார்ப்பது சேதத்தைக் குறைக்குமேயன்றி நீக்காது. மகாராஷ்டிரத்தில், வலையில் சிக்கிய ஆமை, ஓங்கில் முதலிய பாதுகாக்கப்பட்ட உயிர்களை விடுவிக்க வலையை அறுக்கும் கடல் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை நஷ்டஈடு தரும் திட்டம் 2018 முதல் நடந்துவருகிறது. யானை மிதித்த வாழைக்கு நிவாரணம் வழங்கும் நம் வனத்துறையும், அணைகளில் மீன்பிடிப்பை நிர்வகிக்கும் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகமும் கூடி, நீர்நாய் கிழித்த வலைக்கும் அவ்வாறே விலை மதித்து, பவானிசாகரிலும் அமராவதியிலும் உள்ள பரிசல் மீனவருக்குத் தாமதமின்றி வழங்க முன்வர வேண்டும்.