ஏட்டில் எஞ்சிய வரி

1922-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில், டப்ளின் நகரத்து ‘ஃபோர் கோர்ட்ஸ்’ நீதிமன்ற வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பெற்ற நான்கு குடிக்கணக்குகளும், சில பகுதிகள் நீங்கலாக, அன்று சாம்பலாயின. 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் கணக்குகளையோ அரசே முன்னர் அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுமையாக எஞ்சிய முதற்கணக்கு 1901-ஆம் ஆண்டினதே.

பஞ்சம் வந்ததோ 1845-இல். உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழுக, ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுந்தோர் கப்பலேறினர். அமெரிக்காவில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று முன்னோரைத் தேடும்போது கையில் இருப்பவை என்ன? குடும்ப விவிலியத்தின் முதற்பக்கத்தில் இரண்டு பெயர்கள். ஒரு கல்லறைக் கல். ‘அயர்லாந்தில் பிறந்தவர்’ என்னும் குறிப்பு. பிரிஜித் மர்ஃபி என்ற பெயருடைய பெண்கள் அந்நாட்டில் எத்துணையோ பேர்! பங்கு எதுவெனத் தெரியாமல் தேடல் ஓரடியும் நகராது.

இவ்விடத்தில்தான் ஏழைப் பங்குகளின் ஏடுகள் கைகொடுக்கின்றன. அரசுச் சபையாய் விளங்கிய ஆங்கிலிக்கன் சபையின் ஏடுகளுள் பல காப்பகத்திற்கு அனுப்பப்பெற்று எரிந்தன. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளை அரசு கேட்கவில்லை. அவை பங்கு இல்லங்களிலேயே கிடந்து பிழைத்தன. மதிக்கப்படாமையே அவற்றைக் காத்தது என்பது நம் எண்ணம்.

குறைகள் இல்லாமல் இல்லை. மேற்குப் பகுதிப் பங்குகள் பலவற்றில் பதிவு 1820-க்குப் பின்னரே தொடங்குகிறது. மை மங்கிய பக்கங்கள் உண்டு. இலத்தீனில் எழுதியதால் ஜேம்ஸ் ‘யாக்கோபுஸ்’ ஆகிவிடுகிறான். ஆயினும் ஒரு திருமுழுக்குப் பதிவில் குழந்தை, தந்தை, பிறந்தகத்துப் பெயருடன் தாய், ஞானப்பெற்றோர் எனப் பெரும்பாலும் ஐவரைக் காண்கிறோம். ஞானப்பெற்றோர் பலவேளை உறவினராதலின், அவர்கள் வழியாகவும் தேடல் தொடரும்.

பங்கின் பெயரை அறியவும் ஒரு வழி உண்டு. பாஸ்டன் நகரத்துக் கத்தோலிக்க வார இதழ் ‘பைலட்’, 1831 முதல் 1921 வரை, பிரிந்துபோனோரைத் தேடும் அறிவிப்புகளை வெளியிட்டது. அண்ணனைத் தங்கை தேடுவாள். கணவனை மனைவி தேடுவாள். பிறந்த மாவட்டம், பங்கு, வந்த கப்பல் என நினைவிலிருந்தவற்றையெல்லாம் எழுதினர். உறவைத் தேடி அன்று எழுதியவை, அவர்தம் கொள்ளுப்பேரருக்கு இன்று ஊரைக் காட்டுகின்றன. அயர்லாந்துத் தேசிய நூலகமும் 2015-இல் பங்கு ஏடுகளின் படங்களை இணையத்தில் கட்டணமின்றி வெளியிட்டது.

இவற்றைப் படித்தபின் நம் பங்கின் ஏட்டைப் புரட்டினோம். சென்ற மாதப் பதிவொன்றில் ஞானத்தாயின் பெயர் விடுபட்டிருந்தது. அவசரத்தில் கையொப்பமிட்டவர் நாமே. அவ்வீட்டாரை அழைத்துக் கேட்டு எழுதினோம்.