ரஜூலாவின் டெக்கிலிருந்து பார்த்த காடு

பாரிசில் இருக்கும் பெரியப்பா மகன் போன வருஷம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அலாஸ்காவில் கிளேசியர் பே. கேபினை ஒட்டிய பால்கனி, இரண்டு நாற்காலி, ஒரு காபிக் கோப்பை. கம்பிக்கு அப்பால் பனிமலை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. "மனுச வாடையே இல்லாத எடம் தம்பி, பாரு" என்று பின்னணியில் அவர் குரல்.

போலகத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது தாத்தாவின் ஞாபகம் வந்தது. அவரும் கப்பலில் இருந்து காடு பார்த்தவர்தான். ஆனால் பால்கனியில் இருந்து அல்ல.

நாற்பதுகளின் கடைசியில் பினாங்கில் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கெழுதப் போனார் தாத்தா. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. எல்லையைத் தாண்டி, நாகூரைக் கடந்து, நாகப்பட்டினம் போய்க் கப்பலேற வேண்டும். கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். கப்பலின் பெயர் ரஜூலா. 1926இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகக் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் ஐம்பது வருஷம் ஓடியது. கட்டிய புதிதில் அதில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. கேபின்காரர்கள் அதில் ஒரு சிறு பங்குதான். மற்றவர்களுக்கெல்லாம் பாய், டிரங்குப் பெட்டி, ஊறுகாய் பாட்டில், பக்கத்தில் யாரோ ஒருவருடைய வாந்தி.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். அது பெரிய நிக்கோபார் தீவைத் தொட்டுக்கொண்டு போகும். "மூணாம் நாளு கறுப்பா ஒரு மலை தெரிஞ்சிச்சு. முழுக்கக் காடு. இருட்டுனப்பறம் கரையில ஒரு எடத்துல தீ. யாரோ சோறாக்குறாங்கன்னு நெனச்சேன். எனக்கும் பசி" என்று தாத்தா சொல்வார். அந்தக் காட்டைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அழகு என்ற வார்த்தை அதில் இல்லை.

அந்தத் தீவு நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1025 வாக்கில் நடந்த ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருகிறது. தேன் நிறைந்த சோலைகள் கொண்ட தீவு என்று அதைச் சொல்கிறது. அழகாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் அது வென்ற இடங்களின் பட்டியல். சோலை உண்டு, தேன் உண்டு, அங்கே வாழ்ந்தவர்கள் இல்லை.

அண்ணன் பார்த்த அலாஸ்காவிலும் இதே கதைதான். 1794இல் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அந்த விரிகுடா கிட்டத்தட்ட முழுக்கப் பனியாக இருந்தது. 1879இல் ஜான் மியூர் வந்தபோது பனி வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. 1883இல் கேப்டன் ஜேம்ஸ் கரோல் ஐடஹோ என்ற நீராவிக் கப்பலில் பயணிகளை அங்கே கூட்டிவந்தார். வேடிக்கை பார்க்கும் வியாபாரம் அங்கே அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு கேபினுக்கும் தனியாக ஒரு பால்கனி என்பது ரொம்பப் பின்னால், 1980களுக்குப் பிறகு பரவிய வசதி.

ஆனால் அந்த விரிகுடா ஹூனா டிலிங்கிட் மக்களின் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் பனி முன்னேறி வந்து அவர்களை வெளியேற்றியது. பனி விலகியதும் மீனுக்கும் வேட்டைக்கும் திரும்பி வந்தார்கள். 1925இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. அதன் பிறகு, காலங்காலமாகச் செய்துவந்த வேட்டைக்கும் பறவை முட்டை சேகரிப்புக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. 2016இல்தான் அங்கே அவர்களுக்கென்று ஒரு குலவீடு மறுபடி எழுந்தது. மனுச வாடை இல்லாத இடம் என்று ஒன்று தானாக இருப்பதில்லை. அதற்கு முன்னால் யாரோ அங்கிருந்து போக நேர்ந்திருக்கிறது.

ரஜூலா 1973இல் ஓய்வை நெருங்கியபோது அதன் தடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. பாஸ்தேர் என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கப்பல் அது. 1985 பிப்ரவரியில் சென்னைக்குத் திரும்பும் வழியில் தீப்பிடித்துப் பலர் செத்தார்கள். அத்தோடு டெக் டிக்கெட் காலமும் முடிந்தது.

தாத்தா பார்த்த காடு இன்னும் இருக்கிறது. ஷோம்பென்களும் நிக்கோபாரிகளும் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. அப்போது முகாமுக்கு வந்த நிக்கோபாரிகள் இன்னமும் பழைய ஊர்களுக்குத் திரும்பக் கேட்கிறார்கள். சரக்குத் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் என்று அந்தத் தீவில் சுமார் 166 சதுர கிலோமீட்டருக்கு ஒரு திட்டம். அதில் ஏறக்குறைய 130 காட்டு நிலம். 2022இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்துவிட்டது. வரைபடத்தில் அந்த இடம் ஒரே பச்சையாகக் காலியாகத் தெரிகிறது. பால்கனியில் இருந்து பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்.

பசித்த வயிறோடு டெக்கில் கிடந்த ஒரு கணக்குப்பிள்ளைக்கு அங்கே ஓர் அடுப்பு தெரிந்தது. அவர் பெரிய மனசுக்காரர் என்பதால் அல்ல, அவரும் அப்போது வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார் என்பதால்.

அண்ணனுக்கு இதையெல்லாம் எழுதவில்லை. "ரொம்ப அழகா இருக்குண்ணே. அங்க கரையில யாரு இருந்தாங்கன்னு கப்பல்ல கேட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு குலவீட்டின் போட்டோ வந்தது, கம்பிக்கு இந்தப் பக்கம் இல்லாமல், வாசலில் நின்று எடுத்தது.