நெய்த ஊரும் விலை சொன்ன ஊரும்

கல்பாக்கத்தை ஒட்டிக் கடலைப் பார்த்தபடி நிற்கிறது சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை. பங்கு இளைஞர் சிலரோடு அண்மையில் அங்குச் சென்றிருந்தோம். மதிலுக்குள் ஒல்லாந்தரின் கல்லறைகள். பெயர்களும் சின்னங்களும் அழகுறச் செதுக்கிய கற்பலகைகள். அவற்றுக்கு அப்பால் பண்டகசாலைகளின் செங்கற் சுவர்கள். “இவ்வளவு பெரிய கிடங்கு கட்டி வாணிபம் செய்த ஊர் ஏன் ஆம்ஸ்டர்டாம் போலவோ சென்னை போலவோ ஆகவில்லை?” என்று ஓர் இளைஞர் வினவினார். இயற்கைத் துறைமுகம் இல்லாமையே காரணம் என்று விடை கூறினோம். இல்லம் திரும்பி எண்ணிப் பார்க்கையில் அவ்விடை பிழை என்று புலப்பட்டது.

சென்னைக்கும்தான் துறைமுகம் இருக்கவில்லை. 1639இல் ஆங்கிலேயர் அவ்விடத்தைப் பெற்றபின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் கரைக்கு அப்பால்தான் நங்கூரமிட்டன. மசூலாப் படகுகளே அலையைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. ஆம்ஸ்டர்டாமின் நிலையும் அதுவே. அதன் முகப்பில் மணல்திட்டு இருந்ததால், பெருங்கப்பல்கள் தொலைவில் டெக்சல் தீவருகே நின்று சிறு படகுகளுக்குச் சரக்கை மாற்றின.

நம் கரையிலோ சரக்குக்குக் குறைவில்லை. பாலாற்று முகத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. வடக்கே பல்லவரின் மாமல்லை. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியில் சதுரங்கப்பட்டினமே இராசநாராயணன் பட்டினம் எனப் பெயர் பெற்றது. பிறகு வந்த ஒல்லாந்தர் இங்கே நாடியது மெல்லிய பருத்தித் துணியை. மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க நம் நெசவாளரின் துணி வேண்டியிருந்தது. சோழமண்டலக் கரை அத்தீவுகளின் இடக்கை போன்றது என்றும், இத்துணி இல்லையேல் அங்கு வாணிபமே இல்லை என்றும் 1612இல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்னும் டச்சு அதிகாரி எழுதினார். பெருமைப்படலாம், ஆனால் எந்தக் கை செய்த வேலைக்கும் கூலியைக் கணக்கிட்டது வேறோர் இடத்திலிருந்த தலை.

அந்தத் தலை உருவான கதை சுவையானது. 1585இல் ஆண்ட்வெர்ப் நகரம் ஸ்பானியர் வசமானதும் அங்கிருந்த வணிகர் பலர் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினர். பணத்தோடு ஊர் ஊராய் இருந்த தொடர்புகளையும் கொண்டுவந்தனர். பால்டிக் கடல் தானிய வாணிபம் முன்பே அங்கு வேரூன்றியிருந்தது. 1602இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, 1609இல் மாற்று வங்கி, 1611இல் வணிகர் கூடும் மண்டபம். எந்நாட்டு நாணயமாயினும் வங்கியில் இட்டால் பேரேட்டிலேயே கைமாறிவிடும். விலைப்பட்டியல் அச்சாகி விற்பனைக்கு வந்தது. கிடங்கில் சரக்கை வைத்துக்கொண்டு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பிடிபடாத மீனுக்கும் முன்பேரம் பேசலாம். அந்நியரின் சமயத்தையும் நகரம் ஓரளவு பொறுத்துக்கொண்டது. 1663இல் ஒரு கத்தோலிக்க வணிகர் தம் வீட்டு மாடியில் அமைத்த மறைவான ஆலயம் இன்றும் அங்கே காட்சியகமாக உள்ளது. வெளியே தெரியாதவரை வழிபடலாம் என்பது அந்நாளைய ஏற்பாடு!

சென்னையும் இவ்வழியையே கடைப்பிடித்தது. சாந்தோமின் போர்த்துக்கீசிய வணிகரைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவே, 1642இல் கப்புச்சின் துறவி எஃப்ரேம் அடிகளை ஆங்கிலேயர் தங்கச் செய்தனர். ஆர்மீனியரும் செட்டிகளும் அங்கே வாணிபம் செய்தனர். 1688இல் மேயர் மன்றம் வந்தது. வழக்குத் தீர்க்க இடம் கிடைத்தது. சதுரங்கப்பட்டினத்திலோ கம்பெனி ஒன்றுதான் பெருவணிகர்.

அக்கம்பெனி வாங்கிய முறையை நோக்குவோம். எவ்வளவு துணி, என்ன மாதிரி என்ற கட்டளை பத்தாவியாவிலிருந்து வரும். உள்ளூர் வணிகரிடம் முன்பணம் தரப்படும். அவர்கள் நெசவாளருக்குத் தருவர். அப்பணத்தில் நூலும் அரிசியும் வாங்கியவர் கடன் தீரும்வரை கட்டுண்டவர். பஞ்சம் வந்தபோது சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாய் விற்கப்பட்ட மக்களையும் டச்சுக் கப்பல்கள் ஏற்றிச்சென்றன. தம் துணி கிராம்பாக மாறி ஆம்ஸ்டர்டாமில் என்ன விலை போயிற்று என்பதை நெசவாளர் அறிய வழியில்லை.

குருமடத்தில் பயின்ற ஒரு வினா இங்கு நினைவுக்கு வருகிறது. பஞ்சம் வாட்டும் ஊருக்குத் தானியத்தோடு முதலில் வந்து சேரும் வணிகன், பின்னால் இன்னும் பலர் வருவதை வாங்குவோரிடம் சொல்ல வேண்டுமா? சொல்லாமை நீதிக்கு முரணன்று, சொல்வதே மேலான நற்பண்பு என்பது புனித தோமா அக்குவினாஸின் விடை. மாணவராய் இருந்தபோது அதை எளிதில் ஏற்றுக்கொண்டோம். கோட்டையைப் பார்த்த பிறகு அவ்வளவு எளிதாய் ஏற்க இயலவில்லை. தானியம் உள்ளவனைவிட, விலை தெரிந்தவனின் கையே அன்றோ ஓங்கியிருக்கிறது?

1780இல் மூண்ட ஆங்கிலேய–டச்சுப் போர் இரு ஊர்களையும் வீழ்த்தியது. 1781இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டு பிப்ரவரியில் இக்கடலிலேயே பிரெஞ்சு, ஆங்கிலேயக் கப்பற்படைகள் மோதின. டச்சுக் கம்பெனி 1799இல் முடிந்தது. விலை சொல்லும் இடம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. 1818இல் திரும்பக் கிடைத்த சதுரங்கப்பட்டினத்தை ஒல்லாந்தர் 1825இல் நிலையாய் விட்டுச் சென்றனர்.

அடுத்த ஞாயிறன்று அந்த இளைஞரிடம் நம் பிழையைக் கூறினோம். “இன்று பஞ்சு விலையை எங்கே சொல்கிறார்கள்?” என்று கேட்டார். உலகெங்கும் நியூயார்க் முன்பேரச் சந்தையைப் பார்த்தே பேசுகிறார்கள் என்றோம். அவர் வீட்டில் தறி ஓடுகிறது. நூல் விலை ஏறும் நாளை அவர் நம்மைவிட நன்கு அறிவார்.