யாருடைய கேள்வி?

கணக்குக் கேள்விகளுக்கென்றே ஒரு கூட்டம் சேர்க்கலாம் என்று திருமுருகன்பூண்டி நண்பர்கள் சிலர் பேசிக் கொண்டிருக்கிறார்கள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், ஒரு பள்ளி ஆசிரியர், பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கும் ஒருவர். 'எதுக்கு, யாருக்குன்னு நாலு வரி எழுதிக் குடுங்கண்ணா' என்று என்னிடம் வந்தார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்டார்கள் பாருங்கள். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, இந்த நாலு வரியை நமக்கு முன்பே எழுதிப் பார்த்தவர்களின் வரலாறு குறுக்கே வந்து நின்றது.

1906 டிசம்பரில் வி. ராமஸ்வாமி அய்யர் என்ற டெபுடி கலெக்டர் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். புதிய கணித நூல்களும் ஏடுகளும் இங்கே கிடைப்பதில்லை. பணம் போட்டு வாங்கித் தபாலில் சுற்றுக்கு விடலாம் என்பது யோசனை. 1907 ஏப்ரலில் 20 பேரோடு 'அனாலிடிக் கிளப்' பிறந்தது. அதுதான் பின்னால் இந்தியக் கணிதச் சங்கம் ஆனது. நோக்கம் வாசிப்பு. யாருக்கு என்பதை ஆண்டுச் சந்தாவே சொல்லி விட்டது: 25 ரூபாய். பேராசிரியர்கள், அதிகாரிகள், அய்யர், அய்யங்கார், ராவ் என்று நீளும் பெயர்கள், மொழி ஆங்கிலம்.

ஆனாலும் 1909இல் தொடங்கிய அவர்களுடைய ஏட்டில் கேள்விப் பக்கம் என்று ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகத்தான் எப்.ஏ. தேறாத, பட்டமில்லாத ராமானுஜன் உள்ளே வந்தார். அந்த நாட்களில் ராமச்சந்திர ராவ் அவருக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்துக் கொண்டிருந்தார். சங்கத்தின் ஒரு வருஷச் சந்தாவில் இவருக்கு ஒரு மாதம் கழிந்தது. 1911இல் வந்த 289ஆம் கேள்வி: வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் இறங்கிப் போகும் ஒரு கோவை, அதன் மதிப்பு என்ன? மாதங்கள் போயின, விடை வரவில்லை. அவரே எழுதினார்: 3. மொத்தம் 58 கேள்விகள் அவர் பெயரில் வெளியாயின.

வழக்கமாக இந்த இடத்தில் நின்று கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் விடுகிறோம். மேதைமை பற்றிய கதையாடல் செய்கிற வேலை இது. கவனிக்க வேண்டியது வேறு: கேட்டவருக்கு விடை முன்பே தெரியும். அந்தக் கேள்வி ஒரு சவால். லண்டன் 'எஜுகேஷனல் டைம்ஸ்' ஏட்டின் கணக்குப் பகுதியும் இந்த வழியில் நடந்ததுதான். நம்முடைய கணக்கதிகாரம் மட்டும் என்ன? பலாப்பழத்தை அறுக்காமல், காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளையை அறியச் சொல்லும். அழகான கணக்குத்தான். ஆனால் திண்ணையில் முந்திரி வரைக்கும், அதாவது 320இல் ஒரு பங்கு வரைக்கும், பிரிக்கப் படித்தவன் கணக்குப்பிள்ளை ஆனான். அவன் அளந்த வயலில் நின்றவனுக்குத் திண்ணையில் இடமில்லை. தெரிந்தவன் கேட்பான், தெரியாதவன் விழிப்பான் என்பதே இரண்டு மரபுக்கும் பொது.

1933இல் சங்கம் 'மேதமேடிக்ஸ் ஸ்டூடண்ட்' என்ற இரண்டாவது ஏட்டைத் தொடங்கியது. ஆராய்ச்சி ஒரு பக்கம், மாணவரும் ஆசிரியரும் இன்னொரு பக்கம். வாசகர் யார் என்று முதல் தடவையாகத் தெளிவாக வரையறுத்தார்கள். நல்ல காரியம்தான், ஆனால் வரையறுத்தபோது கணக்கின் ஆட்கள் இரண்டே வகை ஆனார்கள். பள்ளிக்கு வெளியே கணக்குப் போடுகிறவர் எந்த ஏட்டிலும் இல்லை.

அவர் எங்கே இருந்தார் என்பதற்குத் திருப்பூரைப் பார்க்க வேண்டும். 1984இல் இங்கே பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஞ்சப்படி என்பது என்ன? விலைவாசிக் குறியீட்டெண் இத்தனை புள்ளி ஏறினால் கூலி எவ்வளவு ஏற வேண்டும் என்பது. 127 நாளும் தெருவில் நின்றது ஒரு கணக்குக் கேள்வி. எந்தக் கணித ஏடும் அதைக் கணக்கென்று எண்ணியிருக்காது. (பூண்டி என்றால் சுந்தரரிடம் வேடர் பொன்னைப் பறித்த தலபுராணம் நினைவுக்கு வரும். பறி போனது எவ்வளவு என்று அவராவது அறிந்திருப்பார்.)

கட்டிங் நண்பர் ஒரு கேள்வி கொண்டு வந்திருந்தார். 'ஆறு பேரு சேந்து ஒரு லாட்டு தெச்சோமுங்க. நடுவுல ஒருத்தர் ரெண்டு நாள் வரலை. பவர் டேபிள்காரருக்கும் கைமடி அக்காவுக்கும் பணத்தை எப்பிடிப் பிரிக்கறது?' கல்லூரிப் பையன் நாள் கணக்கில் பிரித்தான். இன்னொருவன் டஜன் கணக்கில் பிரித்தான். இரண்டும் கணக்காகச் சரி, தொகை மட்டும் வேறு வேறு. 'இதுல எது நாயம்?' என்றார் அவர். அவருக்கு விடை தெரியாது, எங்களுக்கும் தெரியவில்லை. நான் பார்த்த வரையில் உண்மையாகவே கேட்கப்பட்ட கணக்குக் கேள்வி அது ஒன்றுதான்.

எழுதிக் கொடுத்தேன்: விடை தெரியாதவர் கேட்கலாம். தமிழில், பேசுகிற தமிழிலேயே கேட்கலாம். கூலிக் கணக்கும் கணக்கே. படித்தவரே பதில் சொல்ல வேண்டுமென்பதில்லை. ஆசிரியர் நண்பர் மூன்றாவது வரியை அடித்து விட்டார், 'அது யூனியன் வேலைங்க' என்று. கட்டிங் நண்பர் இன்னும் ஒத்துக் கொள்ளவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.