மீன்களுக்கு அபயம்

பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவு மாணவனாக இருந்த காலத்தில், நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி என்னை நிறுத்தியது. பொலநறுவையிலிருந்து 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன், அநுராதபுரத்து ருவன்வெலிசாயத்தில் பொறிப்பித்த வரி அது. நகரைச் சுற்றி ஏழு காவத தூரத்துக்கு எந்த விலங்கையும் கொல்லலாகாது என்று பறையறைவித்ததாக அதில் மன்னன் கூறுகிறான். பன்னிரண்டு பெருங்குளங்களின் மீன்களுக்கும் அபயம் அளித்தானாம்.

நிசங்கமல்லன் தற்புகழ்ச்சியில் நிகரற்றவன். தன் பெருமையை எழுதுவதற்காகவே 25 தொன் எடையுள்ள கல்லொன்றை மிகிந்தலையிலிருந்து பொலநறுவைக்கு இழுப்பித்தவன். ஆகவே அவன் கூற்றில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டே வாசிக்க வேண்டும். ஆனாலும் அதே கல்வெட்டில் வரும் அடுத்த செய்தியை நான் மறக்கவில்லை. பறவை பிடித்துப் பிழைத்த காம்போஜர்களுக்குப் பொன்னும் ஆடையும் அவர்கள் விரும்பிய பிற பொருள்களும் கொடுத்து, இனிப் பறவை பிடிக்க வேண்டாம் என்று கட்டளையிட்டானாம். தொழிலை நிறுத்தச் சொன்னவன் அதற்கு ஈடும் கொடுத்திருக்கிறான். மீன் பிடித்தவர்களுக்கு என்ன கொடுத்தான்? அந்த இடத்தில் கல் மௌனம் சாதிக்கிறது.

மீனுக்கு அபயம் அளித்த முதல் மன்னன் இவனல்லன். அசோகன் முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் வெளியிட்ட ஐந்தாம் தூண் சாசனத்தில், கொல்லப்படக்கூடாத உயிர்களின் நீண்ட பட்டியலொன்று உண்டு. ஆமையும் 'எலும்பில்லா மீனும்' அதில் இடம்பெறுகின்றன. குறிப்பிட்ட உபோசத நாட்களில் மீனைக் கொல்லவும் கூடாது, விற்கவும் கூடாது. மீனவர்க்கென ஒதுக்கப்பட்ட நீர்நிலைகளில் வேறு உயிர்களையும் அந்நாட்களில் கொல்லலாகாது. காந்தகாரில் 1958 இல் கண்டெடுக்கப்பட்ட அசோகனின் கிரேக்க, அரமேயிக் சாசனம், அரசனுடைய வேடர்களும் மீனவர்களும் தம் தொழிலை விட்டுவிட்டதாகவே சொல்கிறது. கடலே இல்லாத அந்த வறண்ட மலைநாட்டில் மீனவரைப் பற்றிய பேச்சு!

அசோகனின் சமகாலத்தவனான தேவநம்பியதீசன் மான் வேட்டைக்குப் போன இடத்தில் மகிந்த தேரரைச் சந்தித்த கதையை இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மானுக்கு வாய்த்த அந்தப் புகழ் மீனுக்கு வாய்க்கவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஆமண்டகாமணி அபயன் தீவு முழுவதும் கொலைத்தடை விதித்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. ஆனால் அந்த ஆரம்ப நூற்றாண்டுகளின் பிராமிக் கல்வெட்டுகளிலேயே, குளத்து மீனில் அரசனுக்குச் சேரவேண்டிய பங்கை விகாரைகளுக்கு எழுதிக்கொடுத்த செய்தியும் வருகிறது. அபயம் ஒரு கல்லில், வருமானம் இன்னொரு கல்லில். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. குளத்தைக் கட்டிய சமூகம் அதன் மீனையும் உண்டுதான் வாழ்ந்தது.

நிசங்கமல்லனின் பறையொலி என் காலத்திலும் ஒருமுறை கேட்டது. 1952 இல் திலாப்பியா மீன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டபின், வறண்ட வலயத்துக் குளங்களில் நன்னீர் மீன்பிடி ஒரு தொழிலாகவே வளர்ந்திருந்தது. 1990 ஆம் ஆண்டு, ஜனாதிபதி பிரேமதாசவின் ஆட்சியில், மத உணர்வைக் காரணங்காட்டி அந்தத் தொழிலுக்கான அரச ஆதரவு முற்றாக விலக்கப்பட்டது. 1994 வரை அதே நிலை. மீன்பிடியைத் தடைசெய்யவில்லை, கைவிட்டார்கள், அவ்வளவுதான். குஞ்சு விடுவார் இல்லை. வலையின் கண்ணளவைக் கண்காணிப்பார் இல்லை. சிறுகண் வலைகள் குளத்தில் இறங்கின. வளராத மீன்களும் அள்ளப்பட்டன. உயிர்க்கொலையில் அரசு பங்குகொள்ளலாகாது என்று எடுத்த முடிவினால் ஒரு மீனாவது கூடுதலாக வாழ்ந்ததா என்பது எனக்கு இன்றும் ஐயமே.

அதே 1990 இல்தான் வடக்கில் யுத்தம் மீண்டும் மூண்டு, எங்கள் கடலும் மூடப்பட்டது. அங்கே எந்த மன்னனும் புண்ணியம் தேடவில்லை. பாதுகாப்பு என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. கரையில் வள்ளங்கள் வெயிலில் வெடித்தன, வலைகள் வாடிகளில் மக்கின. கடலில் மீனுக்கு அபயம், கரையில் மனிதருக்குப் பட்டினி. பொன்னும் ஆடையும் கொடுக்க எவரும் வரவில்லை.

2002 போர்நிறுத்தத்தின் பின் செய்தி சேகரிக்கச் சென்றபோது, குருநகரில் ஒரு முதிய கடற்றொழிலாளியுடன் களங்கட்டிக்குப் போனேன். அடைப்புக்குள் சிக்கிய மீன்களை அள்ளி வள்ளத்தில் போட்டவர், பெரியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் மரத்துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். நேரம் வீணாகிறதே என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"உயிரோட கிடந்து துடிக்க விடப்படாது தம்பி. என்ர ஐயா அப்பிடித்தான் பழக்கினவர்" என்றார்.

"மீனுக்கு நோகுமே அண்ணை?"

"நோகாட்டி ஏன் துடிக்குது?"

அடுத்த ஆண்டு, 2003 இல், லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் பிரித்தானியாவில் செய்த ஓர் ஆய்வு வெளியானது. ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விடத்தையும் அசற்றிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உதட்டைத் தொட்டியின் அடியிலிருந்த சரளைக் கற்களில் தேய்த்தன. இரை எடுக்க நெடுநேரம் ஆயிற்று. மோர்பின் கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. மீன் உணரும் வலியைப் பற்றிய விவாதம் அறிவுலகில் அதன்பின் சூடுபிடித்தது, இன்னும் ஓயவில்லை. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மரத்துண்டுதான்.

அசோகனின் சாசனம் நாளைச் சொல்கிறது. நிசங்கமல்லனின் கல் இடத்தைச் சொல்கிறது. பிடிபட்ட மீன் எப்படிச் சாக வேண்டும் என்று இரண்டிலும் ஒரு சொல் இல்லை. அன்று கரை திரும்பும் வழியில் அந்தப் பெரியவர், கையகலம்கூட இல்லாத ஒரு திருக்கைக் குஞ்சை வாலருகே பக்குவமாகப் பிடித்துத் தண்ணீரில் விட்டார். அது உடனே போகவில்லை. வள்ளத்தின் நிழலில் சிறிது நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, பிறகு சேற்றைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.