'குடும்பக் கட்டுப்பாடு': ஒரு சொல்லாட்சியும் தாய்மார் நலனும்

நடுவணரசு 1952-இல் தொடங்கிய திட்டத்திற்கு இந்தியில் 'பரிவார் நியோஜன்' என்பது பெயர். நியோஜன் என்றால் திட்டமிடல். தமிழில் வேரூன்றியதோ 'குடும்பக் கட்டுப்பாடு'. பேச்சு வழக்கில் அது மேலும் சுருங்கிக் கருத்தடை அறுவையையே குறிக்கலாயிற்று. 'கு.க. செய்துகொண்டாள்' என்னும்போது, தாயின் உடல் தேறுவதற்கு வேண்டிய பேறுகால இடைவெளி யார் நினைவுக்கும் வருவதில்லை.

நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல் மட்டும், 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆடவருக்கே செய்யப்பட்டவை. 1977-இல் ஆட்சி மாறியபின் துறையின் பெயர் 'குடும்ப நலம்' ஆயிற்று. ஆனால் ஆடவர் அறுவை அருகி, அச்சுமை முழுவதும் பெண்கள்மீது இறங்கியது அதன் பின்னரே. அறுவைக்கான இலக்கு எண்கள் 1996-இல் கைவிடப்பட்டன, முகாம்கள் தொடர்ந்தன. 2014 நவம்பரில் சத்தீசுகரின் பிலாசுப்பூர் மாவட்ட முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களுள் 13 பேர் இறந்தனர்.

மூன்றாண்டுக்குள் முகாம்களை நிறுத்துமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. அறுவையின் விளைவுகளை உரியவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது இப்பகுதியே. ஒப்புதல் படிவத்தில் 'குடும்பக் கட்டுப்பாடு' என்று மட்டும் எழுதினால், இது நிலையான அறுவை என்பதோ வேறு முறைகளும் உள்ளன என்பதோ கையொப்பமிடும் பெண்ணுக்குப் புலனாகாது.