நீரில் கழலாத முத்திரைகள்

மலாயாவில் ரயில் பாதை நீண்டுகொண்டிருந்த காலத்தில், ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வேலைக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் அனுப்பிய காசில் ஊரில் காணி வாங்கப்பட்டது, கல்வீடு எழும்பியது, தங்கைமாரின் கல்யாணம் ஒப்பேறியது. குடாநாட்டின் வாழ்வையே ‘காசுக்கட்டளைப் பொருளாதாரம்’ என்று எழுதும் அளவுக்கு அந்த வரவு பெருகியது. காசோடு கடிதமும் வந்தது. உறையின் மூலையில் பாயும் புலி இருக்கும். மலாய்க் கூட்டு மாநிலங்களின் முத்திரை அது. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ வீட்டுக் கடிதக்கட்டைக் கிளறக் கிடைத்த பேரப்பிள்ளைக்கு ஆல்பத்தின் முதல் பக்கம் சுலபமாக நிறைந்துவிடும்.

இலங்கை தன் முதல் முத்திரையை 1857 ஏப்ரல் 1 அன்று வெளியிட்டது. ஆறு பென்ஸ் விலையுள்ள அது இங்கிலாந்துக்குப் போகும் கடிதங்களுக்கானது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேகரிப்பவர்களின் கைவேலை மாறவேயில்லை. உறையின் மூலையைக் கத்தரித்துத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் பசை கரைந்து முத்திரை கழன்று வரும். அதை மையொற்றும் தாளில் கவிழ்த்துக் காயவைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றினால் வேலை முடிந்தது.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஊர் இன்னொரு முறை வெளிநாடு போனது, இம்முறை உயிரைக் காத்துக்கொள்ள. லண்டன், டொரொண்டோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று கடிதம் வரும் திசைகள் பெருகின. அதே ஆண்டுகளில் முத்திரையும் மாறியது. நக்கி ஒட்டத் தேவையில்லாமல், வழுக்குத் தாளிலிருந்து உரித்து ஒட்டும் முத்திரையை 1964இல் சியரா லியோன் தன் நாட்டு வரைபட வடிவிலேயே வெளியிட்டிருந்தது. கனடா 1989இலும் ஆஸ்திரேலியா 1990இலும் பிரித்தானியா 1993இலும் அந்த வழிக்கு வந்தன.

இங்கேதான் பழைய கைவேலை தோற்றது. தொடக்கத்தில் பல நாடுகள் பசைக்கும் தாளுக்கும் இடையில் நீரில் கரையும் ஒரு படலத்தை வைத்தன. பின்னர் அதைக் கைவிட்டன. பிரித்தானியா 2009இல், உரித்து மறுபடி ஒட்டாதபடி முத்திரையிலேயே கீறல்களை வெட்டிவிட்டது. இவற்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் தாள் கிழியும், பசை போகாது. ஊறவைக்காமல் விட்டாலும் ஆபத்து தீராது: அமெரிக்கா 1974இல் பரீட்சார்த்தமாக வெளியிட்ட நத்தார் முத்திரைகளில் பசை தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாகிவிட்டது.

சிலர் கரைப்பான் பூசி உரித்து, ஒட்டும் பின்புறத்தில் முகப்பவுடர் தூவுகிறார்கள். அதைவிட நல்லது, முத்திரையைச் சுற்றி உறைத்தாளில் சிறு ஓரம் விட்டுக் கத்தரிப்பது. யாழ்ப்பாணத்தில் காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும். இராமபாணமும் கறையானும் ஆண்டு முழுக்கக் காத்திருக்கும். மலிவான பிவிசி உறைகளும் நாளடைவில் முத்திரையைக் கெடுக்கும்.

ஆனால் கத்தரிக்கோலையே எடுக்காமல் முழு உறையையும் வைத்திருப்பதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும். 1981 ஜூன் 1 விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் போர் நெருங்கியபோது வலிகாமம் மக்கள் கையில் கிடைத்ததோடு தென்மராட்சிக்கு நடந்தார்கள். வீட்டுக் கடிதக்கட்டுகள் எத்தனை பின்னால் கிடந்து அழிந்தன என்று யாரும் எண்ணவில்லை. எஞ்சியிருக்கும் உறை ஒவ்வொன்றிலும் அனுப்பிய நகரத்தின் சீல் இருக்கிறது, திகதி இருக்கிறது, ஒழுங்கைப் பெயரோடு எழுதிய விலாசம் இருக்கிறது. வீட்டுக்காரர் இடம்பெயர்ந்த இடத்துக்குத் தபாற்காரர் மாற்றி எழுதிய இரண்டாவது விலாசம்கூடச் சிலவற்றில் இருக்கும். முத்திரையை மட்டும் வெட்டியெடுத்தால் இவையெல்லாம் குப்பைக்குப் போய்விடும்.